ஆர்எக்ஸ் 100: வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்பவை

யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாசலில் நிறுத்தி வைத்திருந்தால் போதும், கேள்விகள் தாமாகவே வந்து சேரும். பெட்ரோல் பங்கில் ஒருவர், சிக்னலில் ஒருவர், உதிரிபாகக் கடையில் பில்லுக்குக் காத்திருக்கும்போது இன்னொருவர். கேட்பவர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை எளிதிலிருந்து சிக்கலானது வரை இங்கே அடுக்கியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிக்காமல் இன்ஜினைத் திறக்கக் கூடாது.

வெறும் 98 சிசி வண்டி. இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

எடையும் சக்தியும் பொருந்திய விதம்தான் காரணம். 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 11 குதிரைத்திறன், சுமார் 100 கிலோ எடை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒருமுறை வெடிப்பு. இது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி; இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. அதனால்தான் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் முன்சக்கரம் லேசாகிறது.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985-இல் இதை இந்தியாவில் கொண்டுவந்தது. தொடக்க கால வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டவை. 1996-இல் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது உற்பத்தி நின்றது. ஆக, உங்கள் கையில் இருக்கும் மிக இளைய வண்டிக்கே முப்பது வயது ஆகிவிட்டது. மற்ற பதில்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது?

காகிதத்தை. பெயின்ட் பளபளப்பையும் குரோம் மட்கார்டையும் பிறகு பார்க்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 100-இன் எண்கள் 1எல்1 என்று தொடங்கும். எண் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் சொரசொரப்பாகவும் அந்தப் பட்டை மட்டும் மழமழவென்றும் இருந்தால், அல்லது எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கினால், யாரோ அரைத்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று பொருள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இந்த வண்டிக்கு இன்று இருக்கும் விலையில் திருட்டு வண்டியும் இரண்டு வண்டிகளை ஒன்றாக்கியதும் தாராளமாகப் புழங்குகின்றன.

அடுத்தது இன்ஜின் சூடு. நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வண்டியை ஓட்டி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சிலிண்டரைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். அந்த நிலையில் சோக் போட்டு உதைத்தால் நாலைந்து உதைக்குள் கிளம்ப வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். செம்மண் நிறம் தெரிந்தால் அது துரு. கார்புரேட்டர் வேலையும் கூடவே வரும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருப்பது கையிலேயே தெரியும்.

ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

முதலில் உங்கள் வண்டியில் ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 100 தனி ஆயில் டேங்கும் ஆட்டோலூப் பம்ப்பும் உள்ள வண்டி. பம்ப் இருந்தால் பெட்ரோலில் எதுவும் கலக்கத் தேவையில்லை. இன்ஜின் வேகத்தையும் ஆக்ஸிலேட்டர் திருகும் அளவையும் பொறுத்து அதுவே ஊற்றிக்கொள்ளும்.

பம்ப்பைக் கழற்றிய வண்டி என்றால் சாதாரண ஓட்டத்துக்கு லிட்டருக்கு 25 மில்லி, அதாவது 40-க்கு 1. நெடும்பயணம், இருவர் சவாரி, கோடைக்காலம், புதிய போர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்தது) என்றால் 30 மில்லி வரை போகலாம். 20 மில்லி போதும் என்பவர்கள் புகையைப் பார்த்துப் பேசுகிறார்கள், பிஸ்டனைப் பார்த்து அல்ல. மறுபக்கம், 50 மில்லி ஊற்றினால் இன்ஜின் நீண்ட நாள் வாழும் என்பதும் தவறு. ஆயில் கூடக் கூட அந்தக் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. பிளக் அழுக்கேறும், சைலன்ஸர் அடைக்கும். டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்று அச்சிட்ட 2டி ஆயிலாக, அதாவது இரண்டு ஸ்ட்ரோக்குக்கான ஆயிலாக வாங்குங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை ஒருநாளும் பெட்ரோலில் ஊற்றாதீர்கள். அது எரிந்து தீர்வதற்குச் செய்யப்பட்டதல்ல.

மெக்கானிக் பம்ப்பைக் கழற்றிவிடச் சொல்கிறார். பம்ப் நின்றால் இன்ஜின் போய்விடுமாமே?

நின்றால் போகும், உண்மைதான். ஆனால் பம்ப் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஆயில் டேங்க் காலியாகி, பிறகு நிரப்பும்போது குழாயில் காற்று சிக்கிவிடுகிறது. பம்ப்பில் காற்று வெளியேற்றும் சிறிய திருகு உண்டு. அதைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் ஆயில் வரும்வரை விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டியவர்களின் இன்ஜின்தான் "பம்ப் போய்ப் போனது" என்று கணக்கில் ஏறுகிறது.

நல்ல பம்ப் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் சரியான குறியில் நிற்கிறதா என்று சர்வீஸின்போது பாருங்கள். முற்றிலும் தேய்ந்துபோய், தரமான மாற்றுப் பம்ப்பும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கழற்றிவிட்டு, முந்தைய பதிலில் சொன்ன அளவில் கலந்து ஓட்டுங்கள்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகுமா?

ஓடும், ஆனால் கவனிக்க வேண்டியவை மூன்று. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை கார்புரேட்டரின் அதே ஜெட் (பெட்ரோல் அளந்து விடும் சிறு துளை) வழியாக அனுப்பினால், இன்ஜினுக்கு அது காற்று அதிகமான கலவையாகத்தான் தெரியும். புதிய வண்டிகளில் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். இங்கே கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று அதிகமான கலவை சூட்டைக் கூட்டும், சூடு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்க வைக்கும். பிளக் வெளிறிப்போய் வந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள்.

இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். ரிசர்வில் போட்டதும் முதலில் இறங்குவது அதுதான். நிறுத்தி வைப்பதென்றால் டேங்கையும் கார்புரேட்டரின் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். மூன்றாவது ரப்பர். பழைய பெட்ரோல் குழாய், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாம் ஊதிப்போகும் அல்லது வெடிப்பு விடும். விலை அதிகமில்லாத பொருட்கள், மொத்தமாக மாற்றிவிடலாம்.

காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துவிடுகிறது. என்ன கோளாறு?

பிளக்கைக் கழற்றுங்கள். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேப், அடைத்த வடிகட்டி, கார்புரேட்டரின் மிதவை என்ற வரிசையில் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் அதிகம். டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகி வைத்துச் சில உதை உதைத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். பொறியைச் சோதிக்கும்போது கழற்றிய பிளக்கைச் சிலிண்டர் ஹெட்டின் மீது அழுத்தி வையுங்கள், ஆனால் பிளக் துளையிலிருந்து தள்ளி. துளை வழியே பெட்ரோல் ஆவி வெளிவரும்.

பொறி மஞ்சளாகவும் மெலிதாகவும் இருந்தால் உடனே சிடிஐ பெட்டியை (பொறிக்கு மின்சாரம் அனுப்பும் மின்னணுப் பெட்டி) மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். பிளக் மூடியைக் கம்பியிலிருந்து திருகி எடுத்து, கம்பியின் நுனியில் பச்சை பூத்த பகுதியைச் சிறிது வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேயே தீரும்.

பிளக் எந்த எண் போடுவது? கடைக்காரர் "இதுவும் அதே மாதிரிதான்" என்று ஒன்றைத் தருகிறார்.

அளவு ஒன்றாக இருக்கலாம், சூட்டு அளவு வேறாக இருக்கும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷில் தலைகீழ்: எண் குறைந்தால் குளிர்ந்தது. ஒரு பிராண்டின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றை வாங்கினால் ஏமாறுவீர்கள். மற்றபடி, பீங்கான் பகுதி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை என்றால் சூடு அதிகம், கறுப்பும் பிசுக்கும் என்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம்.

புகை நிற்கவே இல்லை. ஆயிலைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். போர் அடிக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். கியர் ஆயில் அளவைப் பாருங்கள். ஊற்றி ஒரு மாதத்துக்குள் குறைந்திருந்தால், வெளியே சொட்டும் தடயமும் இல்லையென்றால், அந்த ஆயிலைத்தான் இன்ஜின் குடித்துக்கொண்டிருக்கிறது. கிராங்கின் இரு பக்கமும் ஆயில் சீல் உண்டு. வலப்பக்கம், கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்தால் கிராங்க் அறையின் உறிஞ்சல் கியர் ஆயிலை உள்ளே இழுக்கும். அடர்த்தியான வெண்புகை, பிளக்கில் ஈரப் பிசுக்கு, புதிய ரிங் போட்டும் மாறாத நிலை எல்லாம் இதன் அடையாளங்கள். புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்ட பிறகும் புகைக்கும் வண்டிகள் பல இந்தச் சீலில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

குளிர்ந்த இன்ஜினில் முதல் ஒரு கிலோமீட்டர் புகை வருவது இயல்பு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

சூடானதும் ரேஸ் (இன்ஜின் சுழலும் வேகம்) தானாக ஏறிப்போகிறது. ஸ்க்ரூவைக் குறைத்தால் குளிரில் நின்றுவிடுகிறது.

மேலே சொன்ன சீலின் மறுபக்கம் இது. இடப்பக்கம், மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் சுழலி) பக்கத்துச் சீல் உலர்ந்தால் உள்ளே வருவது காற்று. காற்று கூடினால் கலவை மெலியும், ரேஸ் ஏறும். இது வெறும் தொல்லை மட்டுமல்ல. எத்தனால் பதிலில் சொன்ன அதே சூட்டு அபாயம், இன்னும் தீவிரமாக.

சீலைக் குற்றம் சொல்வதற்குமுன் கார்புரேட்டரையும் ரீட் வால்வையும் (கலவையை உள்ளே மட்டும் விடும் தகட்டு வால்வு) இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள். முப்பது வருட ரப்பரில் மடிப்புக்குள் வெடிப்பு இருக்கும், நேராக இருக்கும்போது கண்ணில் படாது. ரீட் வால்வின் தகடுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி கசியக் கூடாது, நுனி உடைந்திருக்கக் கூடாது. இவை சரியென்றால் மேக்னெட்டைக் கழற்றுங்கள். சீலைச் சுற்றிக் கறுப்பாக ஆயில் படிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. மேக்னெட் பக்கச் சீலை இன்ஜினைப் பிளக்காமலேயே மாற்றலாம்.

முன்பு போல இழுக்கவில்லை. அறுபதைத் தாண்டினால் மூச்சுத் திணறுகிறது.

சைலன்ஸரின் வாலில் இருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பேஃபிள் குழாயை இழுத்துப் பாருங்கள். அது எளிதில் வராது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வெளியே வந்தால் தாரைப் பூசியது போலக் கறுப்புப் படிவம், துளைகளில் பாதி காணாமல் போயிருக்கும். புகைபோக்கி அடைத்த அடுப்பு எரியாதது போலத்தான் இதுவும். காஸ்டிக் சோடாக் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவினால் படிவம் கழன்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; அலுமினியப் பாகம் எதையும் அந்த வாளிக்குள் போடாதீர்கள், கரைந்துவிடும்.

சைலன்ஸரைக் கழற்றிய கையோடு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளைக்குள்ளும் பாருங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, மரக்குச்சியால் கரியைச் சுரண்டலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

மெக்கானிக் போர் அடித்தே ஆக வேண்டும் என்கிறார். எப்படி உறுதி செய்வது?

மேலே உள்ளவற்றில் எதுவும் காரணமில்லை, உதைக்கும்போது அழுத்தமும் இல்லை, பிஸ்டன் ஓரம் தட்டும் சத்தம் சூடான பிறகும் போகவில்லை என்றால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். போரைப் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். விரலை விட்டுத் தடவி "தேய்ந்திருக்கிறது" என்று சொல்பவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். பெரிய அளவுப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஏறும். நேராக 1.00-க்குத் தாவினால் அடுத்த முறைக்குச் சிலிண்டரில் சதை இருக்காது.

முதலில் பிஸ்டனை வாங்கி அதையும் சிலிண்டரோடு சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போரை வெட்ட வேண்டும். திரும்ப வாங்கும்போது ஒன்றை நீங்களே சோதிக்கலாம்: துளைகளின் விளிம்பை விரலால் தொடுங்கள். கத்தி போல வெட்டினால் ஓரம் மழுக்கப்படவில்லை. ரிங் அந்த விளிம்பில் மாட்டி உடையும். பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறிய ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும்.

புதிய போருக்கு ரன்னிங் இன் என்று 40-ஐத் தாண்டாமல் ஓட்டினால் போதுமா?

வேகத்தைவிடச் சுமையே முக்கியம். நாலாவது கியரில் 30-இல் உறுமிக்கொண்டு போவது 50-இல் இலகுவாகப் போவதைவிடக் கெடுதல். முதல் 500 கிலோமீட்டர் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஆக்ஸிலேட்டரைப் பாதிக்குமேல் திருகாதீர்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். ஆயில் அளவு முன்பே சொன்னதுதான்.

ஏற்காடு, கொல்லிமலைக்கு ஓட்டிப் போகலாமா? ஏற்றத்தில் சூடாகாதா?

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஏறும்போது கியரைக் குறைத்து இன்ஜினைச் சுழல விட்டால் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதற்கு நேரம் கிடைக்கும். இறங்கும்போதுதான் கதை வேறு. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, ஆனால் பெட்ரோல் வருவதில்லை. பெட்ரோல் இல்லையென்றால் அதனுள் இருக்கும் ஆயிலும் இல்லை. எனவே அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு திருகி விடுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிபோல இன்ஜின் பிரேக்கிங்கும் இதில் பெரிதாகக் கிடையாது. வேலை முழுக்க டிரம் பிரேக்கின் தலையில் விழுகிறது. தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடிமானம் குறையும். வளைவுக்குமுன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள்.

முன்னால் டிஸ்க், சத்தமான சைலன்ஸர், போர்ட்டிங் எல்லாம் செய்தால் என்ன?

சைலன்ஸரை மாற்றினால் சத்தம் கூடும், சக்தி பெரும்பாலும் குறையும். இரண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்ஸரின் வயிற்று வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பியோடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. அந்தக் கணக்கு தெரியாமல் வெட்டி ஒட்டிய குழாய் வெறும் குழாய்தான். போர்ட்டிங் (சிலிண்டரின் துளைகளை அரைத்து மாற்றுவது) செய்தால் மேல் வேகத்தில் சக்தி கிடைக்கும், ஊருக்குள் ஓட்டும் இழுவை போகும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அது சரி, காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு எதற்கு?

சட்டமும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பிரேக் போதவில்லை என்றால் டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் சரிபார்த்து, நல்ல ஷூ போட்டு, புதிய கேபிள் மாட்டுங்கள். பெரும்பாலானவர்களின் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க முடியுமா, அல்லது உடைக்கத்தான் கொடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் முடியும். 15 ஆண்டு முடிந்த இருசக்கர வாகனத்துக்குப் படிவம் 25-இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வாகனங்களுக்கு இந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025-இல் மேலும் கூட்டியிருக்கிறார்கள். பசுமை வரி தனி. காப்பீடும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் என்பது வரம்பு. சைலன்ஸர் சுத்தமாக இருந்து, இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு போனால் ஆர்எக்ஸ் தேறிவிடும்.

தில்லித் தலைநகர் வட்டாரத்தின் 15 ஆண்டு பெட்ரோல் வாகனத் தடையைக் கேள்விப்பட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தடை அந்த வட்டாரத்துக்கு உரியது. "விண்டேஜ்" பதிவு பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு 50 ஆண்டு ஆக வேண்டும். முதல் ஆர்எக்ஸுக்கே 2035 வரை பொறுக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆறிய பிறகு உதைத்தால் கிளம்புகிறது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. பிடித்த அந்த நொடியில் கிளட்சை அழுத்தியிருப்பீர்கள்; இல்லையென்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கீழே தள்ளியிருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டுபவரின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மீது இருக்க வேண்டும் என்பது இதனால்தான். வீடு வரை மெதுவாக வரலாம், அதற்குமேல் வேண்டாம்.

இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டிய இடம் இது. சிலிண்டரைத் தூக்கிப் பிஸ்டனைப் பாருங்கள், கீறல் எங்கே என்பதில் காரணம் இருக்கிறது. நான்கு மூலையிலும் கோடு விழுந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஆற அமரச் சூடாக்காமல் விரட்டியிருக்கிறீர்கள், அல்லது போர் இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் சூடு: மெலிந்த கலவை, காற்றுக் கசிவு, அடைத்த ஜெட். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் இறங்காமல் இதே நடக்கும். கார்புரேட்டர் பக்கமும் சேர்ந்து கீறியிருந்தால் ஆயில் கிடைக்கவில்லை. பம்ப்பையும் கலக்கும் அளவையும் சோதியுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பிஸ்டன் போட்டால் அதுவும் பிடிக்கும்.

சிலிண்டர் சுவரில் வெள்ளியாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம். நைசான எமரித் தாளை மண்ணெண்ணெயில் நனைத்துக் குறுக்குவாட்டில் தேய்த்து எடுத்தபின் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் இடறாமல், அளவும் வரம்புக்குள் இருந்தால் அதே அளவில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போதும். இடறினால் அடுத்த அளவுப் பிஸ்டனை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.